உங்களுக்கு ஏற்ற ஏ.ஏ. கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

குடிப்பழக்கம் உள்ள ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக் குடிக்காமல் இருப்பார். மாலையைக் கழற்றிய மறுநாளே பழைய கதை. இதைப் பார்த்துவிட்டு "மனசுல உறுதி இல்லை" என்று வீட்டில் திட்டுவார்கள். அத்தனை நாள் இருந்தவருக்கு உறுதி இல்லாமலா போகும்? அந்த நாட்களில் அவர் கூடவே நாலு சாமிகள் இருந்தார்கள், மாலையில் பஜனைக்குப் போக ஓர் இடம் இருந்தது. கழற்றியதும் அது போய்விட்டது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) கூட்டம் அந்தத் துணையை ஆண்டு முழுவதும் தருகிறது. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருந்ததில் தொடங்கிய அமைப்பு இது.

1. முதலில் டாக்டர்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு ஆள் இடம் தெரியாமல் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்து. அதனால் நிறுத்துவதற்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். கூட்டம் மருந்துக்கு மாற்று அல்ல. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்பதை மட்டும் தொடவே தொடாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத டைசல்ஃபிரம் போன்ற மாத்திரை உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிரே போகலாம்.

2. விவரம் சேகரியுங்கள்

இந்திய ஏ.ஏ. பொதுச்சேவை அலுவலகத்தின் இணையதளத்தில் தேடலாம். சிகிச்சை, ஆலோசனை பற்றிக் கேட்க மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 இருக்கிறது, கட்டணம் கிடையாது. பக்கத்து மனநல மருத்துவரிடமோ மறுவாழ்வு மையத்திலோ "இங்கே ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்குது?" என்று கேட்டாலும் போதும்.

இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. "வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போகிறோம், மாதம் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் அது ஏ.ஏ. அல்ல. ஏ.ஏ.வில் கட்டணம் இல்லை, பதிவு இல்லை, ஆதார் அட்டை கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி.

3. நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்த நேரத்துக்குள் உங்கள் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும் வேளை எது? வேலை முடிந்து ஏழு மணியா? அப்படியென்றால் ஏழு மணிக் கூட்டம்தான் உங்களுக்கானது, ஞாயிறு காலைக் கூட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். இரண்டு பஸ் மாற வேண்டுமென்றால், மழை பெய்யும் ஒரு நாளில் விட்டுப்போகும். ஊரில் கூட்டமே இல்லையென்றால் ஜூமில் நடப்பவை இருக்கின்றன.

4. போகும் முன் ஒரு போன்

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் என்று யாரும் துணைக்கு வரலாம். மூடிய கூட்டம் குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தமிழில் பேசுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பெண்கள், வேறு பெண்கள் வருகிறார்களா என்று தயங்காமல் விசாரியுங்கள்.

சர்ச் வளாகத்தில் நடக்கிறது என்றால் மதமாற்றமோ என்று பயப்பட வேண்டாம். பல இடங்களில் இடம் கிடைப்பது அங்கேதான், அவ்வளவே. ஏ.ஏ.வின் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும். அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். நாத்திகர்களும் வருகிறார்கள்.

5. முதல் நாள்

பெயர் மட்டும் சொன்னால் போதும். பேச விருப்பமில்லையா, "கேட்க வந்தேன்" என்று சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். உண்டியல் சுற்றி வந்தால் புதியவர் போட வேண்டியதில்லை.

6. ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஓரிடத்தில் எல்லோரும் உங்கள் அப்பா வயதில் இருப்பார்கள், இன்னோரிடத்தில் உங்களைப் போலவே நைட் ஷிப்ட் பார்ப்பவர் இருப்பார். நாலைந்து இடம் போய்ப் பாருங்கள். பல வருடம் குடிக்காமல் இருப்பவர்கள் வருகிறார்களா? ஸ்லிப் ஆகி, அதாவது மறுபடி குடித்துவிட்டு, திரும்பி வந்தவரைக் கேலி செய்யாமல் உட்கார வைக்கிறார்களா? இரண்டும் இருந்தால் நல்ல குழு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏ.ஏ.வின் நிலைப்பாடே.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளை விடக் கூடுதலாகப் பலன் தந்தது.

உங்கள் வீட்டில் குடிப்பவர் வரவே மாட்டேன் என்கிறாரா? வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அவர் வருகிறாரோ இல்லையோ, நீங்கள் போகலாம்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பாமல், இரண்டு மூன்று பேரிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். குடித்த பிறகு அல்ல, குடிக்கத் தோன்றும்போதே கூப்பிடுங்கள். அவர்கள் நம்பர் கொடுப்பதே அதற்காகத்தான்.