பழைய மொறிஸ் மைனரில் பெற்றோல் கசியும் குழாயை மாற்றுவது

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இந்த உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடிக்கும், வெக்கையில் ரப்பர் வெடிக்கும். அப்பாவின் 1961 மொறிஸ் மைனரில் போன மாதம் பொனற்றைத் திறந்ததும் பெற்றோல் மணம். பம்பிலிருந்து காபரேற்றருக்கு (பெற்றோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) போகும் ரப்பர் குழாய் விரலால் வளைத்ததுமே பிளந்தது. இந்தக் காரில் காபரேற்றரும் சைலன்சர் குழாய் தொடங்கும் இடமும் இஞ்சினின் ஒரே பக்கத்தில்தான். சொட்டும் பெற்றோல் அந்தச் சூட்டில் விழுந்தால் கார் மிஞ்சாது. குழாயை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இஞ்சின் முழுக்க ஆறட்டும். வேலையை வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள்.

அடுத்து பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள்.

(பின்னர் சேர்த்தது: கறுப்பு வயரைத்தானே கழற்ற வேண்டும் என்று களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நிறத்தைப் பார்க்க வேண்டாம். மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பிளஸ் பக்கம்தான் எர்த். ரேடியோ பூட்டுவதற்காகப் பிற்காலத்தில் மாற்றிய கார்களும் உண்டு. எந்த வயர் காரின் இரும்பு உடலில் (பொடியில்) பூட்டியிருக்கிறதோ அதுதான் எர்த்.)

பழைய குழாயைக் குறடால் பிடித்து இழுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் முனை உடைந்துவிடும். கிளிப்பைத் தளர்த்தி, பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரியுங்கள். மிஞ்சியிருக்கும் பெற்றோல் கொஞ்சம் வடியும், கீழே ஒரு தகரப் பேணி பிடியுங்கள்.

அந்தத் துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில் வாங்குங்கள். என் விருப்பம் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்ற பெற்றோல் குழாய்த் தரம் அச்சிட்ட குழாய். விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குவேன். தண்ணீர்க் குழாயோ கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயோ வேண்டவே வேண்டாம், சூட்டில் இறுகி வெடிக்கும். கிளிப்பிலும் துளைகள் வெட்டிய வகை ரப்பரைக் கடிக்கும். ஓரம் மடித்த, உட்புறம் வழுவழுப்பான கிளிப்தான் நல்லது.

புதிய பிளேட்டால் நேராக வெட்டுங்கள். அரம்வாளால் அறுத்தால் ரப்பர்த் தூள் காபரேற்றர் ஊசியில் போய் அடைக்கும். முனையில் 2 சென்ரிமீற்றராவது ஏறும்படி தள்ளி, முனையின் மேட்டுக்குப் பின்னால் கிளிப் வரும்படி இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கினால் கூடிவிட்டது.

இனி என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம். பற்றரியைப் பூட்டி சாவியைத் திருப்பினால் எஸ்.யு. பம்ப் (கரண்டில் ஓடும் பெற்றோல் பம்ப்) ‘டக் டக்’ என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓய வேண்டும். எனக்கு ஓயவில்லை. ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, மணமும் இல்லை. கல்லடிப் பாலம் ஏறும்போது இஞ்சின் திணறி நின்றது.

காரணம் பம்புக்கு முன்னால் இருந்தது. டேங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது, பம்ப் அங்கிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எங்கள் காரில் செப்புக் குழாயைப் பம்போடு சேர்க்க யாரோ எப்போதோ போட்ட விரல் நீள ரப்பர் துண்டு ஒன்று இருந்தது. வெளியே நன்றாகத் தெரிந்தது, உட்புறம் முழுக்க வெடிப்பு.

இதைக் கண்டுபிடிக்க, காபரேற்றர் பக்க முனையைக் கழற்றி, கொஞ்சம் பெற்றோல் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்திப் பிடியுங்கள். ஒருவர் போத்தலைப் பிடிக்க, இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். முதலில் சில குமிழிகள் வரும், அது சரி. தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஆகவே குழாய் வாங்கும்போதே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு இஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த கடதாசியால் ஒற்றிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து கிளிப்புகளை இன்னொரு தடவை பாருங்கள். எனக்கு ஒன்று அரைச் சுற்று இறுகியது.