வளர்ந்த தெருநாயை வீட்டுக்கு எடுத்தால்: வெளியே சலம் போகப் பழக்குவது

தெருவிலிருந்து எடுத்த வளர்ந்த நாய்க்கு மண்ணில் சலம் போக நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஹோலின் சீமெந்துத் தரையும் ஒரு நிலம்தான் என்று அது எண்ணுவதுதான் சிக்கல். ஆகவே முதல் இரண்டு கிழமையும், உள்ளே பிழை விடச் சந்தர்ப்பமே கொடுக்காமல் பார்ப்பதுதான் பெரிய வேலை.

வந்த அன்று வாசற்படி ஏற்றுமுன், வார் பூட்டி வளவின் ஒரு மூலைக்குக் கூட்டிப் போங்கள். கிணற்றடியிலிருந்து தள்ளி, வேம்பின் நிழலில் இளகிய மணல் இருந்தால் நல்லது. தினமும் அதே இடம், அதே வழி. “கேற்றைத் திறந்துவிட்டால் தானே போய்விட்டு வரும்” என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் அது போனதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. பரிசு கொடுக்கவும் முடியாது. திருகோணமலை நகரப்பக்கம் என்றால் றோட்டில் மான் நின்றாலே போதும், வந்த காரியத்தை மறந்து பின்னால் ஓடிவிடும்.

எழும்பியதும், சாப்பிட்டு 10 முதல் 20 நிமிடத்துக்குள், பகல் தூக்கம் கலைந்ததும், விளையாடி முடிந்ததும், இரவு படுக்குமுன்னும் கூட்டிப் போக வேண்டும். முதல் மூன்று நாளும் பகலில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. பிழை விடாவிட்டால் 3, பிறகு 4 மணித்தியாலமாக நீட்டலாம். சாப்பாடு இரண்டு வேளை, நேரம் தவறாமல். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், கச்சான் காற்று வீசும் நாட்களில் அறவே கூடாது.

மூலைக்குப் போனதும் கப்பு நட்டமாதிரி 5 முதல் 8 நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நாய் மணந்து, சுற்றி, குந்தத் தொடங்கும்போது மெதுவாக ஒருதரம் “ஒண்டுக்கு” என்று சொல்லுங்கள். பாதியில் புகழ்ந்தால் அடக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வரும். மிச்சம் ஹோலில்தான் போகும். முடித்து நிமிர்ந்ததும் இரண்டு செக்கனுக்குள், உப்பில்லாமல் அவித்து முள்ளெடுத்த மீனில் நகக்கண் அளவு துண்டு ஒன்று. உள்ளே வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்கான கூலி என்றுதான் விளங்கிக்கொள்ளும். உடனே வீட்டுக்குள் இழுத்து வரவும் வேண்டாம். உலாத்தல் அதோடு முடிகிறது என்று கண்டுகொண்ட நாய் அடக்கிவைக்கப் பழகும்.

போகாவிட்டால் உள்ளே கூட்டி வந்து வாரை உங்கள் கதிரைக் காலில் கட்டி, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் போங்கள்.

உள்ளே குந்துவதைக் கண்டால் “ஏய்” என்று ஒரு சத்தம், உடனே வெளியே. பிறகு கண்டால் பேசாமல் துடையுங்கள். மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும், உங்களுக்கு முன்னால் போவது ஆபத்து என்பதை மட்டுமே படிப்பிக்கும். அதன்பின் கட்டிலுக்குக் கீழே ஒளித்துப் போகும், வளவிலும் உங்கள் முன்னிலையில் போகாது.

துடைப்பதில்தான் பல வீடுகள் தோற்கின்றன. சீமெந்து சலத்தை உறிஞ்சும். பினைல் வாசம் எங்கள் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை அல்ல. அமோனியா கலந்த திரவம் இன்னும் மோசம், சலத்தின் மணமே அதுதான். பழைய பேப்பரால் ஒற்றி எடுத்து, ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் என்சைம் உள்ள சலவைத்தூள் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றி, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டுதரம் கழுவுங்கள். ஒற்றிய பேப்பரில் ஒரு துண்டை எறியாமல் வேம்படியில் போட்டு, மேலே கல் வைத்துவிடுங்கள். அடுத்தமுறை நாய்க்கு அதுவே வழிகாட்டி.

கூட்டிலே கிடந்த நாய் வேறு மாதிரி. சீமெந்து காலில் பட்டால்தான் அதற்குச் சலம் வரும். மணலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்து விறாந்தையில் போகும். வளவு மூலையில் இரண்டடிச் சதுரச் சீமெந்துப் பலகை ஒன்றைப் பதியுங்கள். அதில் போகப் பழகியதும் நாளுக்கு ஒரு சிரட்டை மணல் தூவிவந்தால், பத்துப் பன்னிரண்டு நாளில் பலகை மூடப்பட்டுவிடும், நாயும் மணலுக்கு மாறியிருக்கும்.

ஐப்பசியில் மழை தொடங்கினால் பழகிய நாயும் படியில் நின்று திரும்பிவிடும். மூலைக்கு மேலே நாலுக்கு ஆறடித் தகரம் ஒன்றை, மழைக்கு முன்பே, சரிவாகப் போட்டுவையுங்கள். தீபாவளி வெடி தொடங்குமுன், பொழுதுபடமுதல் கூட்டிப் போய்விட வேண்டும்.

கடுவன் சுவரிலும் கதிரைக் காலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லை குறிப்பது. நலமடித்தால் பெரும்பாலும் குறையும். அடிக்கடி குந்தியும் சொட்டுச் சொட்டாகவே வந்தால், இரத்தம் கண்டால், பழக்கத்தைக் குறை சொல்லாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஆள் கிட்டப் போனதும் பதுங்கிச் சலம் விடுவது பயம். குனிந்து தலையைத் தடவாமல் பக்கவாட்டில் இருந்து கை நீட்டுங்கள்.

பீயை அன்றன்றே சொப்பிங் பேக்கால் அள்ளுங்கள். ஈர மணலில், நாயின் குடலில் வாழும் கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் ஒரு கிழமை அளவில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். பிள்ளைகள் அந்த மூலைக்குச் செருப்பில்லாமல் போகக் கூடாது. நாய்க்கும் வந்த கிழமையே பூச்சி மருந்து கொடுக்க வேண்டும்.