கடல் முள்ளெலியின் சினைப் பருவத்தைக் கணிப்பது எப்படி?

சினை (ஆண், பெண் இரண்டிலும் உள்ள இனப்பெருக்க உறுப்பு) பெருத்திருந்தால் முட்டையிடத் தயார் என்று முடிவுகட்டுவதுதான் இந்த வேலையில் நேரும் முதல் தவறு. கடல் முள்ளெலி தன் உணவுச் சேமிப்பையும் சினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. வயிறாரப் பாசி மேய்ந்த முள்ளெலிக்கு, முட்டை முதிராமலேயே சினை கனக்கும். எடைத் தராசோடு நுண்ணோக்கியும் வேண்டும்.

சென்னைக் கடலோரப் பாறைகளில் இருக்கும் கறுப்பு முள்ளெலியை (ஸ்டோமோப்நியூஸ்டஸ் வேரியோலாரிஸ்) எடுத்துக்கொள்வோம். மாதம் 20 போதும். எண்ணிக்கை குறைந்த இடமென்றால் அதையும் குறையுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனாக இருக்கட்டும். நிலாவை ஒட்டி முட்டையிடும் முள்ளெலிகளும் உண்டு என்பதால், மாதந்தோறும் ஒரே திதியில் எடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

எடுப்பதற்கு முன்பே 1 மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடங்களில் வைத்து, உள்ளே இருக்கும் முள்ளெலிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த முள்ளெலி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இது. முட்டையும் விந்தும் வெளியே தண்ணீரில்தான் சேருகின்றன. இடைவெளி சில மீட்டர் ஆனாலே விந்து நீர்த்துப்போகும். சினை நிறைந்திருந்தும் பெரும்பாலான முட்டைகள் கருவுறாமல் வீணாகும்.

முள்ளை விட்டு ஓட்டின் விட்டத்தை அளந்து, ஈரம் ஒற்றி முழு எடை பாருங்கள். வெட்டிய பிறகு எடை போட்டால் உள்நீர் வடிந்து கணக்கு கெட்டுவிடும். பிறகு ஓட்டைக் குறுக்கே வெட்டி, ஐந்து சினை மடல்களையும் எடுத்து 0.01 கிராம் துல்லியமாக நிறுங்கள். சினை எடையை முழு எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் சினைக் குறியீடு.

ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பாருங்கள். பெரிய உட்கரு பளிச்சென்று தெரிந்தால் அது முதிராத முட்டை. முதிர்ந்ததில் உட்கரு சிறுத்திருக்கும். மீதியைப் பூவான் கரைசலில் (திசுவைக் கெடாமல் காக்கும் கரைசல்) ஒரு நாள் வைத்து, 70% ஆல்கஹாலுக்கு மாற்றினால் பின்னர் மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

முதிர்ச்சியை உறுதிசெய்ய, வெட்டாத சிலவற்றுக்கு 0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடை (100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 3.73 கிராம்) வாயைச் சுற்றியுள்ள மென்சவ்வு வழியே 0.5 முதல் 1 மி.லி. வரை ஏற்றுங்கள். பெண்ணைக் கடல்நீர்க் குவளைமேல் கவிழ்த்து முட்டையைச் சேருங்கள். வெள்ளையாக வரும் விந்தைத் தண்ணீர் படாமல் குளிரில் வையுங்கள். நீர்த்த விந்து சீக்கிரமே வலுவிழக்கும். கலக்கும் நேரத்தில் ஒரு சொட்டை 10 மி.லி. கடல்நீரில் கரைத்து, அதில் சில சொட்டுகள் மட்டும் முட்டைகளோடு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் முட்டையைச் சுற்றிக் கருவுறு உறை எழும்பும். விந்து அதிகமானால் ஒரே முட்டைக்குள் பல நுழைந்து, கருவின் செல் பிளவு கோணலாகும். ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே பிப்பெட்டைப் பயன்படுத்தினால் சோதனை தொடங்கும் முன்பே முட்டைகள் கருவுற்றுவிடும்.