ஜெர்மன் வீட்டுச் சமையல்: மசாலா வந்து காப்பாற்றாத தவறுகள்

குழம்பில் கிழங்கு கொஞ்சம் குழைந்துபோனாலும் புளியும் மிளகாயும் சேர்ந்து குற்றத்தை மூடிவிடும். ஜெர்மன் வீட்டுச் சமையலில் அந்த வசதி இல்லை. உப்பு, மிளகு, வெண்ணெய், வெங்காயம், கொஞ்சம் ஜாதிக்காய் என்று அடக்கமாகச் சமைக்கும்போது, செய்த தவறு தட்டில் அப்படியே தெரியும்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. ஜெர்மனியில் உருளைக்கிழங்குப் பையின் மேல் அது எப்படி வேகும் என்று அச்சிட்டிருப்பார்கள். ‘ஃபெஸ்ட்கோஹெண்ட்’ என்றால் வெந்தாலும் துண்டு உடையாது. ‘மேலிஹ்கோஹெண்ட்’ என்றால் மாவாக உதிரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வகையும் உண்டு. கிழங்கு சாலடுக்கு முதல் வகை வேண்டும். லிண்டா, சீக்லிண்டே போன்றவை அதில் சேரும். க்னோடல் என்னும் கிழங்கு உருண்டைக்கும் மசியலுக்கும் மாவு வகைதான். மாற்றி வாங்கினால் சாலட் கூழாகும், உருண்டை பிடிக்கவே வராது.

சாலடில் இன்னொரு தவறு, கிழங்கை ஆறவைத்துவிட்டுச் சுவை சேர்ப்பது. தெற்கே ஷ்வாபியப் பகுதியில் கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டில் உரித்து, வில்லைகளாக நறுக்கி, சூடான இறைச்சிச் சாற்றையும் வினிகரையும் கடுகு விழுதையும் ஊற்றுகிறார்கள். சூட்டில்தான் கிழங்கு சாற்றை உறிஞ்சும். எண்ணெய் கடைசியில். முதலிலேயே ஊற்றினால் துண்டுகளின் மேல் படலமாகப் படிந்து, சாறு உள்ளே இறங்கத் தடையாகும். வடக்கே வழக்கம் வேறு: மயோனைஸ் சேர்ப்பார்கள். அதற்குக் கிழங்கு முழுக்க ஆறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயோனைஸ் உருகி எண்ணெயாகப் பிரிந்துவிடும். எது உண்மையான சாலட் என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு தெற்குக்குத்தான்.

அடுத்தது தண்ணீரின் கொதிநிலை. க்னோடலைத் தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் சிதறிவிடும். நீர் லேசாக அசைந்தால் போதும். விவரமானவர்கள் முதலில் ஒரே ஓர் உருண்டையைப் போட்டுப் பார்ப்பார்கள். அது கரைந்தால் மீதி மாவில் கொஞ்சம் ஸ்டார்ச் சேர்த்துக்கொள்ளலாம். மியூனிக் நகரின் வெள்ளைத் தொத்திறைச்சியான வைஸ்வுர்ஸ்டைக் கொதிக்கவிட்டால் தோல் வெடித்துச் சுவையெல்லாம் நீரோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு சுடுநீரில் கிடக்கவிடுவதே முறை. ஆனால் ஷ்பெட்ஸ்லே என்னும் முட்டை நூடுல்ஸுக்கு நன்றாகக் கொதிக்கும் நீர் வேண்டும். மேலே மிதந்ததும் அரித்து எடுத்துவிட வேண்டும்.

வினிகரிலும் இப்படி ஒரு முரண் உண்டு. சிவப்பு முட்டைக்கோஸுக்கு அதைத் தொடக்கத்திலேயே, ஆப்பிளோடு சேர்த்து விட வேண்டும். புளிப்பு இல்லையென்றால் அதன் நிறமி நீலமாகிவிடும். ஒரே காய்க்கு வடக்கே ‘சிவப்புக்கோஸ்’ என்றும் தெற்கே ‘நீலக்கோஸ்’ என்றும் பெயர் இருப்பது சும்மா இல்லை. பருப்புச் சூப்புக்கோ வினிகர் கடைசியில்தான். முன்னதாக ஊற்றினால் பருப்பு வேக மறுக்கும்.

தமிழர்கள் தனியாக மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சமையல் குறிப்பில் ‘க்யூமெல்’ என்று இருந்தால் அது நம் சீரகம் அல்ல, கேரவே விதை. நம் சீரகத்துக்கு அங்கே ‘க்ரொய்ட்ஸ்க்யூமெல்’ என்று பெயர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். புளித்த முட்டைக்கோஸில் சீரகத்தைப் போட்டால் பதார்த்தம் வேறு ஊருக்குப் போய்விடும்.

ரொட்டிக்கு வந்தால் தவறுகளுக்குப் பஞ்சமே இல்லை. மாவுப் பொட்டலத்தில் 405, 550, 1050 என்று எண்கள் இருக்கும். எண் கூடினால் மாவு உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் தாதுச் சாம்பல் மிஞ்சும் என்பதைத்தான் அந்த எண் ஏறக்குறையச் சொல்கிறது. 405 வெள்ளை மாவு, கேக்குக்கு உரியது. எண் ஏற ஏறத் தவிட்டின் பங்கு கூடும்.

ரை என்னும் தானியத்தின் மாவைக் கோதுமை மாவைப் போல நடத்துவதுதான் பெரிய பிழை. ரையில் குளூட்டன் என்னும் புரதம் வலையாகப் பின்னிக்கொள்ளாது. எவ்வளவு பிசைந்தாலும் கைதான் வலிக்கும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவினால் ரொட்டி செங்கல்லாகும். ஒட்டுவது அதன் இயல்பு. ஈரக் கையால் உருட்டிக்கொள்ளலாம். ரையில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளும் அதிகம். புளிப்புதான் அவற்றை அடக்கும். ஈஸ்ட்டை மட்டும் நம்பிச் சுட்டால் உள்ளே பசைபோல ஈரம் நிற்கும். அதனால்தான் புளித்த மாவு கட்டாயமாகிறது. சுட்டவுடன் வெட்டுவதும் கூடாது. மறுநாள்வரை பொறுத்தால் கத்தியில் ஒட்டாமல் துண்டு விழும்.

பேக்கிங் குறிப்புகளில் ‘ஒரு பொட்டலம்’ என்று மட்டும் இருக்கும். பீலஃபெல்டில் மருந்துக்கடை வைத்திருந்த ஆகஸ்ட் ஓட்கர், 1890-களில் அரைக் கிலோ மாவுக்கு அளந்து பேக்கிங் பவுடர் விற்றதிலிருந்து வரும் வழக்கம் இது. இன்றும் ஒரு பொட்டலம் அரைக் கிலோவுக்குத்தான். உலர் ஈஸ்ட் பொட்டலம் 7 கிராம், அதுவும் அரைக் கிலோவுக்கு. வெனிலா சர்க்கரை 8 கிராம். பெரிய டப்பாவிலிருந்து கண்ணளவாகக் கொட்டுகிறவர்களின் கேக்கில் சோடா கசக்கும்.

ப்ரெட்சல் என்னும் முடிச்சு ரொட்டியைக் காஸ்டிக் சோடா கரைசலில் முக்குகிறவர்கள் அலுமினியத் தட்டைத் தொடவே கூடாது. கரைசல் அதை அரித்துவிடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். வீட்டுக்குச் சமையல் சோடாக் கரைசல் போதும். நிறம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கடைசியாக, டிரெஸ்டன் நகரின் ஷ்டோலன் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால் இந்த ரொட்டி ஒரு காலத்தில் எண்ணெயில் செய்யப்பட்டது. 1491-இல் போப்பாண்டவர் கடிதம் மூலம் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். அப்படிக் கிடைத்த வெண்ணெயில் கஞ்சத்தனம் செய்யாமல், அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு தாராளமாகப் பூசிச் சர்க்கரை தூவ வேண்டும். பிறகு இறுகச் சுற்றி, குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால்தான் உலர்திராட்சையின் ஈரமும் வாசனையும் உள்ளே பரவும். வெட்டும்போது ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவில் வெட்டித் துண்டெடுத்து, மீதி இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் வெட்டுமுகம் காயாது.