நர்ஸ் பிராக்டிஷனர் வேலைக்கு மாநிலம் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு தங்கை போன் செய்தாள். அமெரிக்காவின் ஓஹாயோவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை பார்த்துக்கொண்டே குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் (நோயறிந்து மருந்தும் எழுதும் மேல்நிலை நர்ஸ்) படிப்பை முடிக்கப் போகிறவள். "அக்கா, அடுத்த பத்து வருஷத்துல எந்த மாநிலத்துல அதிக வளர்ச்சின்னு பார்த்து வச்சிருக்கேன். அங்கேயே போயிடலாம்னு இருக்கோம். அவரும் ஆபீஸ்ல மாற்றல் கேட்டுட்டார்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை நான் என் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ரெஸ்யூமேயில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்குத் தாமதம், சம்பளம் பேசக் கூச்சம் இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊரைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிய வருகிறது.

சதவீதத்தைப் பார்த்து மூட்டை கட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் நாங்கள் டென்னசி மாநிலத்துக்கு, நாஷ்வில் பக்கம் குடிபெயர்ந்தோம். வேலை கையில் இல்லை. மாநிலக் கணிப்பில் வளர்ச்சி நன்றாக இருந்தது, மருத்துவமனைகள் நிறைந்த ஊர், போனால் ஒரு மாதத்தில் கிடைத்துவிடும் என்று நம்பினோம். ஒரு வருடத்துக்கு வீட்டு ஒப்பந்தம் போட்டோம். லைசென்ஸுக்குப் பணம் கட்டினோம். ஏழு மாதம் எனக்கு நர்ஸ் பிராக்டிஷனர் வேலை கிடைக்கவில்லை. பழையபடி ஆர்.என். ஆக இரவுப் பணிக்குப் போனேன். பார்த்த விளம்பரம் எல்லாவற்றிலும் "இரண்டு ஆண்டு அனுபவம்" என்று இருந்தது. அனுபவம் கேட்காத ஒன்றிரண்டு இடங்களில், அந்த ஊரிலேயே படித்து அந்த கிளினிக்கிலேயே பயிற்சி எடுத்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. மாதக்கணக்கில் கூடவே நின்று நோயாளி பார்த்தவரை விட்டுவிட்டு, வெளியூரிலிருந்து காகிதம் அனுப்பியவரை யார் எடுப்பார்கள்?

அப்போது எனக்குப் புரியாதவை மூன்று.

முதலாவது, வளர்ச்சிக் கணிப்பு எத்தனை பணியிடங்கள் உருவாகும் என்பதைச் சொல்கிறது. அந்த இடங்களுக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் 2022 முதல் 2032 வரையிலான கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் நாடு முழுக்க 2,66,300 நர்ஸ் பிராக்டிஷனர் வேலைகள் இருந்தன. பத்து வருடத்தில் இன்னும் 1,18,600 கூடும், அதாவது 45 சதவீதம். எந்தத் தொழிலுக்கும் இது பிரமாதமான எண். ஆனால் பத்தால் வகுத்தால் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் குறைவு. ஓய்வு பெறுகிறவர்கள், தொழில் மாறுகிறவர்கள் விட்டுப்போகும் இடங்களையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 29,000 இடங்கள் என்று அதே கணிப்பு சொல்கிறது. அதுவும் மயக்கவியல் நர்ஸ்கள், பிரசவ நர்ஸ்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து. இந்தப் பக்கம் பார்த்தால், 2021-22 கல்வியாண்டில் மட்டும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்து வந்தவர்கள் 39,000-க்கும் மேல். வந்தவர்கள் எல்லோரும் உடனே வேலை தேடுவதில்லை, சிலர் ஆர்.என். ஆகவே தொடர்கிறார்கள் என்பது உண்மை. இருந்தாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, "45 சதவீதம், அதனால் எனக்கு வேலை நிச்சயம்" என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, சதவீதத்துக்கு அடியில் இருக்கும் எண். ஒரு சிறிய மாநிலத்தில் 400 பேர் வேலை செய்கிறார்கள், வளர்ச்சி 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் 200 இடம், வருடத்துக்கு 20. இன்னொரு மாநிலத்தில் 10,000 பேர், வளர்ச்சி 30 சதவீதம்தான். ஆனால் வருடத்துக்கு 300 இடம். பட்டியலில் முதலில் வருவது 50 சதவீத மாநிலம். வீடு மாற்றுகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்றாவதுதான் என் கையைச் சுட்டது. மாநிலச் சராசரி வேறு, ஊர் வேறு. நாம் வேலை பார்ப்பது வீட்டிலிருந்து காரில் நாற்பது நிமிடத்துக்குள் இருக்கும் வட்டத்தில். மொத்த வேலைகளில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்று பார்த்தால் டென்னசி பல வருடங்களாகவே நாட்டின் உச்சியில் இருக்கிற மாநிலங்களில் ஒன்று. அதே சமயம் சராசரிச் சம்பளத்தில் கடைசி வரிசையில் நிற்கிறது. இந்த இரண்டும் தற்செயலாக ஒன்றாக வரவில்லை. ஆள் நிறைந்த சந்தையில் சம்பளம் ஏறாது. இந்த விவரம் அப்போதும் பொதுவில்தான் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். அதே புள்ளிவிவரப் பணியகம் வருடாவருடம் வெளியிடும் தொழில்வாரி வேலை, சம்பள விவரத்தில் மாநகரப் பகுதிகளும், மாநகரம் அல்லாத பகுதிகளும் தனித்தனியாக இருக்கின்றன. அதில் லொகேஷன் கோஷண்ட் என்று ஒரு எண் இருக்கும். 1 என்றால் நாட்டுச் சராசரி அளவு. 2 என்றால் இந்தத் தொழிலில் அந்த ஊரில் இரண்டு மடங்கு நெருக்கம். எண் பெரிதாக இருந்தால் வேலை நிறைய இருக்கிறது என்றும் படிக்கலாம், ஆள் நிறைந்துவிட்டது என்றும் படிக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஊரைச் சுற்றி எத்தனை நர்சிங் பள்ளிகள் இந்தப் படிப்பை நடத்துகின்றன என்று எண்ணுங்கள். கடைசியாக, விளம்பரங்களில் புதியவர்களை எடுப்பவை எத்தனை என்று இரண்டு வாரம் தொடர்ந்து குறித்து வையுங்கள். நான் இப்போது யாருக்கு ஆலோசனை சொன்னாலும் இந்த இரண்டு வாரக் கணக்கை முதலில் கேட்கிறேன்.

சட்டத்தைப் படிக்காமல் மாநிலம் மாறுவது

ஒரே படிப்பு, ஒரே சான்றிதழ். ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் வேலையே வேறாகிவிடுகிறது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நமக்கு முழுப் பணி அதிகாரம் உண்டு. நோயறிதல், சிகிச்சை, மருந்து எழுதுவது எல்லாவற்றையும் நம் லைசென்ஸிலேயே செய்யலாம். அரிசோனா, நியூ மெக்சிகோ, வாஷிங்டன், ஒரிகான் எல்லாம் அப்படி. மற்ற இடங்களில் மருத்துவர் ஒருவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இடைப்பட்ட வகையும் உண்டு. நியூயார்க்கில் 3,600 மணி நேரம் அனுபவம் ஆன பிறகு அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபடலாம். கலிபோர்னியா 2020-ல் கொண்டுவந்த சட்டப்படி மூன்று ஆண்டு அல்லது 4,600 மணி நேரம் முடித்தவர்களுக்கு 2023 முதல் படிப்படியாக வழி திறந்திருக்கிறது.

டெக்சாஸில் எனக்குத் தெரிந்த ஒருவர் சிறிய ஊர் கிளினிக்கில் வேலை பார்த்தார். ஒப்பந்தம் போட்டிருந்த மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த மாநிலத்தில் ஒப்பந்தம் இல்லாமல் மருந்து எழுத முடியாது. அடுத்த மருத்துவர் கிடைக்கும்வரை மூன்று வாரம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தார். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தீர்ந்துபோன நோயாளிகள் அவருக்கே போன் செய்தார்கள். அவரால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. சம்பளம் போனதைவிட அதைத்தான் அவர் இன்னும் சொல்லி வருத்தப்படுகிறார்.

நேர்காணலில் கேளுங்கள்: ஒப்பந்த மருத்துவர் யார், அவர் விலகினால் அடுத்தவர் யார், அவருக்கான கட்டணத்தை யார் தருவது. பதில் தடுமாறினால் கவனமாக இருங்கள்.

பற்றாக்குறை என்றால் வேலை என்று நினைப்பது

3,500 பேருக்கு ஒரு முதல்நிலை மருத்துவர் கூட இல்லாத பகுதியை அரசு பற்றாக்குறைப் பகுதி என்று அறிவிக்கலாம். நோயாளி இருக்கிறார் என்பதற்கு அது சான்று. நமக்குச் சம்பளம் தரப் பணம் இருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் நம் பெயரில் போகும் பில்லுக்கு மருத்துவருக்குத் தருவதில் 85 சதவீதம்தான் தருகிறது. டெக்சாஸ், டென்னசி, ஜார்ஜியா, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்கவில்லை. அங்கே காப்பீடு இல்லாத ஏழை நோயாளிகள் அதிகம். அவர்கள் வரும் கிளினிக்குக்கு இன்னொரு ஆளை எடுக்க ஆசை இருக்கும், பட்ஜெட் இருக்காது.

கடன் தள்ளுபடியை நம்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசிய சுகாதார சேவைப் படையின் திட்டத்தில் முதல்நிலை சிகிச்சையில் இரண்டு வருடம் முழுநேரம் வேலை செய்தால் 75,000 டாலர் வரை கல்விக்கடன் அடைபடும். நல்ல திட்டம். ஆனால் பகுதி பற்றாக்குறைப் பகுதியாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் கிளினிக் அந்தத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு "இல்லை" என்று தெரிந்துகொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

சம்பளத்தை மட்டும் பார்ப்பது

கலிபோர்னியா முதலிடம். வாடகையையும் பாருங்கள்.

ஆர்.என். காம்பாக்ட் லைசென்ஸை நம்புவது

ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை பார்க்க விடும் அந்த ஏற்பாடு ஆர்.என். வேலைக்கு மட்டும். நர்ஸ் பிராக்டிஷனருக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனி லைசென்ஸ் வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் எழுத டி.இ.ஏ. (மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) பதிவும் மாநிலத்துக்கு ஒன்று, மூன்று வருடத்துக்கு 888 டாலர். எல்லை ஊரில் வீடு எடுத்து இரண்டு மாநிலத்திலும் வேலை தேடுகிறவர்கள் இந்தச் செலவையும் காத்திருக்கும் மாதங்களையும் முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

கான்ராட் 30

பற்றாக்குறைப் பகுதிக்குப் போகும் வெளிநாட்டு மருத்துவர்களுக்கான விசா விலக்கு இது. நமக்கு இல்லை.

படித்த பிரிவும் ஊரின் தேவையும் ஒன்று என்று எண்ணுவது

"நர்ஸ் பிராக்டிஷனர் தேவை" என்று கணிப்பு பொதுவாகச் சொல்லும். ஊரில் தேவைப்படுவது மனநலப் பிரிவாக இருக்கலாம், முதியோர் அக்யூட் கேர் பிரிவாக (மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பார்ப்பது) இருக்கலாம். நம்மில் பெரும்பாலானோர் குடும்பப் பிரிவு. மருத்துவமனை வார்டு வேலைக்கு அக்யூட் கேர் சான்றிதழ்தான் வேண்டும் என்று கேட்கும் இடங்கள் கூடிக்கொண்டே போகின்றன. படிப்பில் சேரும் முன்பே, போக நினைக்கும் ஊரின் விளம்பரங்களைப் பிரிவுவாரியாக எண்ணிப் பாருங்கள். படித்து முடித்த பிறகு இன்னொரு சான்றிதழுக்கு மறுபடி பள்ளிக்கூடம் போவது பணத்துக்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம்.

போட்டித் தடை வரியைப் படிக்காமல் கையெழுத்திடுவது

வேலையை விட்டால் இத்தனை மைல் சுற்றளவில் இத்தனை வருடம் அதே வேலை பார்க்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். கலிபோர்னியாவில் இது செல்லாது. மினசோட்டாவில் 2023 ஜூலைக்குப் பின் போட்ட ஒப்பந்தங்களில் செல்லாது. நாடு முழுக்கத் தடை செய்யக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-ல் கொண்டுவந்த விதியை அதே வருடம் ஆகஸ்டில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே மற்ற பல மாநிலங்களில் இந்த வரி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊர் எவ்வளவு வளர்ந்தாலும், முப்பது மைல் வட்டத்துக்குள் நாம் வேலை பார்க்கக்கூடாது என்றால் அந்த வளர்ச்சி நமக்குக் கிடையாது. குழந்தைகளின் பள்ளியை மாற்றி, வீட்டை விற்றுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

அந்தத் தங்கை இரண்டு வாரக் கணக்கை எடுத்து அனுப்பினாள். ஆசைப்பட்ட மாநிலத்தை விட்டுவிட்டு, தான் பயிற்சி எடுத்த கிளினிக்கிலேயே பேசிப் பார்த்தாள். வேலை தருகிறார்கள். நேற்று ராத்திரி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான்காம் பக்கத்தில் போட்டித் தடை வரி இருந்தது, எத்தனை மைல் என்ற இடம் மட்டும் காலி. அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேள், பார்த்த பிறகு கையெழுத்துப் போடு என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.