மேசையில் பார்னெட்: பனிதான் தளபதி

1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலை. இங்கிலாந்து அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்ற இரு அரச குலங்கள் நடத்திய போர்களில் ஒன்று: லண்டனுக்கு வடக்கே பார்னெட்டில் நான்காம் எட்வர்டின் யார்க் படையும் வாரிக் பிரபுவின் லங்காஸ்டர் படையும் மோதின. எதிரி எங்கே நிற்கிறான் என்றே தெரியாத மூடுபனி. கொடைக்கானல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோக்கர்ஸ் வாக்கில் நாலடி தள்ளி நிற்பவரைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பவர்கள்தானே நாம். பொம்மை வீரர்களை வைத்து இந்தப் போரை மேசைமேல் ஆடும்போது, அந்தப் பனி ஆட்டத்துக்குள் வராவிட்டால் அது பார்னெட் இல்லை.

மேசை 120-க்கு 90 செ.மீ. தெர்மாகோல் மேல் ஃபெவிகால் தடவி மணல் தூவுங்கள். மழைக்காலத்தில் காய இரண்டு நாள் விடுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக்காற்றில் பொம்மை மேல் வெண்சாம்பலாகப் படியும், ஆகவே பிரஷ்ஷால் பூசுங்கள். வீரர்களை ஒட்டி நிறுத்தும் பீடத்துக்கு அட்டை வேண்டாம், ஈரத்தில் வளையும், 3 மி.மீ எம்.டி.எஃப் பலகையை 4 செ.மீ சதுரமாக வெட்டுங்கள். பனிக்குப் பஞ்சு பரப்புவது அழகுதான், ஆனால் ஈட்டி முனையில் சிக்கி ஆளைக் கவிழ்க்கும். மேசை ஓரத்தோடு நிறுத்துங்கள்.

பக்கத்துக்கு மூன்று பிரிவு, பிரிவுக்கு 6 பீடம். தெற்கே யார்க் தளபதிகள்: மேற்கிலிருந்து ஹேஸ்டிங்ஸ், எட்வர்ட், க்ளாஸ்டர் ரிச்சர்ட். எதிரே லங்காஸ்டர் தளபதிகள், அதே வரிசையில்: ஆக்ஸ்ஃபோர்ட், மான்டேகு, எக்ஸெட்டர். தனியே 2 பீடம் சேமப்படை. நடுவே வேட்டியைத் திரையாகக் கட்டி அணிவகுத்து, ஒவ்வொருவரும் தம் வலப்புறம் 6 செ.மீ தள்ளி நிறுத்த வேண்டும். திரையை எடுத்ததும் இருவரின் வலப்பக்கமும் எதிரியைத் தாண்டி மூன்று பீடம் நீண்டிருக்கும். போரின் முடிச்சே இதுதான்.

நகர்வு 8 செ.மீ. பனி ஒரே சீராக நிற்காது. சுற்றுக்கொரு முறை பகடை போடுங்கள். 1-2 என்றால் 5 செ.மீ வரை பார்வை, 3-5 என்றால் 10, 6 என்றால் 15. எதிரியைத் தொடும் பீடத்துக்கு ஒரு பகடை: 6 விழுந்தால் அவனுக்கு ஒரு பீடம் போச்சு, விலாவில் தாக்கினால் 5-ம் போதும். மூன்று இழந்த பிரிவு ஓடும்.

ஹேஸ்டிங்ஸ் ஓடினால், அன்று நடந்தது போலவே, ஆக்ஸ்ஃபோர்ட் துரத்தியே ஆக வேண்டும். விருப்பத்துக்கு விட்டால், வரலாறு தெரிந்தவர் துரத்தவே மாட்டார், ஆட்டம் செத்துவிடும். மூன்று சுற்று கழித்துத் தெற்கு விளிம்பில் திரும்பி வருவார். ஆக்ஸ்ஃபோர்டின் கொடியில் கதிர் வீசும் நட்சத்திரம், எட்வர்டின் கொடியில் கதிர் வீசும் சூரியன். இரண்டையும் கை நீட்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும்படி வரையுங்கள். மான்டேகு பார்வைக்குள் அவர் வந்ததும் பகடை: 1-4 விழுந்தால் சொந்தப்படையே அம்பு விடும், ‘துரோகம்’ என்ற கூச்சல் எழும். அதற்குப்பின் லங்காஸ்டர் பிரிவு எதுவும் இரண்டு பீடம் இழந்தாலே ஓடும்.