தொடுவானத்தின் வெப்பத்திலிருந்து இருண்ட ஆற்றலை அணுகுவது எப்படி?

அண்ட விரிவை முடுக்கிவிடும் இருண்ட ஆற்றலை, ஈர்ப்பை வெப்ப இயக்கவியல் வழியாகப் பார்க்கும் ஆய்வுகளின் துணையுடன் புரிந்துகொள்ள விரும்புபவர், ஆய்வுக் கட்டுரைகளுக்குள் நேராக இறங்குவதற்கு முன் தாளும் பென்சிலும் எடுத்து ஒரேயொரு கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கநிலை நுண்கணிதமும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியும் தெரிந்திருந்தால் போதும்.

கருந்துளைக்கு என்ட்ரோபியும் (ஒழுங்கின்மையின் அளவு) வெப்பநிலையும் உண்டு என்பதை 1970-களில் இயற்பியலாளர்கள் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் நிறுவினர். 1995-இல் இயற்பியலாளர் ஜேக்கப்சன் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளையே வெப்ப விதியிலிருந்து வருவித்துக் காட்டினார். புனேயின் ஐயூகா வானியல் ஆய்வு மையத்தில் இயற்பியலாளர் தாணு பத்மநாபன் இப்பார்வையை மேலும் ஆழப்படுத்தினார்.

இனிக் கணக்கு. ஒளிவேகம், பிளாங்கின் குறுக்கிய மாறிலி, போல்ட்ஸ்மன் மாறிலி மூன்றையும் 1 என எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான, அதாவது வெளி வளைவில்லாத, அண்டத்தில் தொடுவானம் என்பது விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு ஒளிவேகத்தில் விலகும் தொலைவில் நம்மைச் சூழ்ந்த எல்லைக் கோளம்; அதன் ஆரம், அண்டம் விரியும் வீதமான ஹபிள் வீதத்தின் தலைகீழி. தொடுவானத்தின் வெப்பநிலை, 2 பை மடங்கு ஆரத்தின் தலைகீழி. இன்றைய அண்டத்துக்கு இது ஏறத்தாழ 3 × 10⁻³⁰ கெல்வின்தான். தொடுவானத்தின் என்ட்ரோபி என்பது அதன் பரப்பை ஈர்ப்பு மாறிலியின் 4 மடங்கால் வகுத்த அளவு. வெப்பநிலையை என்ட்ரோபியின் சிறு மாற்றத்தால் பெருக்கினால், பைகள் அடிபட்டுப் போய், ஆரத்தின் மாற்றத்தை ஈர்ப்பு மாறிலியால் வகுத்தது மட்டும் மிஞ்சும்.

மறுபக்கத்தில் வெப்பத்தை எழுதும்போதுதான் பலர் இடறுகிறார்கள். தொடுவானத்துக்கு உள்ளே இருக்கும் மொத்த ஆற்றலின் மாற்றத்தை எழுதக் கூடாது. ஆரத்தை அந்தக் கணத்துக்கு நிலையாக வைத்து, பரப்பைக் கடந்து வெளியேறும் ஆற்றலைத்தான் எழுத வேண்டும். பரப்பு, நேரம், அடர்த்தியும் அழுத்தமும் சேர்ந்த கூட்டுத்தொகை ஆகியவற்றின் பெருக்கலே அது. இரு பக்கங்களையும் சமப்படுத்தினால், ஹபிள் வீதம் குறையும் வேகம், அந்தக் கூட்டுத்தொகையை 4 பையாலும் ஈர்ப்பு மாறிலியாலும் பெருக்கியதற்குச் சமம் என்று வரும்.

ஆற்றல் அழியாமைச் சமன்பாட்டைத் துணைக்கொண்டு இதைத் தொகையிட்டால் அண்டத்தின் விரிவு வீதத்தை அதன் ஆற்றல் அடர்த்தியோடு இணைக்கும் ஃபிரீட்மன் சமன்பாடு கிடைக்கிறது. கூடவே ஒரு தொகையீட்டு மாறிலியும் வருகிறது. அந்த மாறிலியை அவசரப்பட்டுச் சுழியாக்கிவிடாதீர்கள், ஏனெனில் இருண்ட ஆற்றலின் மிக எளிய வடிவமான அண்டவியல் மாறிலி நுழையும் வாசல் அதுவே. வெற்றிட ஆற்றலின் அழுத்தம் அதன் அடர்த்திக்கு எதிர்க்குறியில் சமமாக இருப்பதால், கூட்டுத்தொகை சுழியாகி, அதிலிருந்து வெப்பம் எதுவும் தொடுவானத்தைக் கடப்பதில்லை. குவாண்டம் வெற்றிடத்தின் ஆற்றலைப் பிளாங்க் அளவு வரை கூட்டினால் வரும் மதிப்பு, நோக்கீடுகள் தரும் மதிப்பைவிட ஏறத்தாழ 10¹²⁰ மடங்கு பெரியது என்னும் நெடுநாள் சிக்கலை நினைத்துப் பாருங்கள்: இந்த வழியில் அந்தப் பேரெண் ஈர்ப்புச் சமன்பாட்டுக்குள் வருவதே இல்லை. இத்துறையின் ஆகச் சிறந்த வெளிச்சம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆனால் மாறிலியின் மதிப்பை இந்தக் கணக்கு தானாகத் தராது. அதற்குத் தனியே ஒரு கொள்கை வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்ததாக, வளைவுள்ள அண்டத்துக்கு ஏற்றபடி ஆரத்தில் வளைவு உறுப்பைச் சேர்த்து, இதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து மறுபடி போட்டுப் பாருங்கள்.